முதல் கைம்மண்

ஒரு போஸோக்காரன் ஒரு தோகோன்காரன் மேல் கோபப்பட்டான் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆறு மேட்டைப் பார்த்து ஓடியது என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார்கள். இதை யோசிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊர் கொம்பாகாவில் அது நடந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என் வாயில் சோறு இருந்தது.

லஸ்ஸீனா நியெந்தாவோ எங்கள் பள்ளிவாசலின் தலைமைக் கொத்தனார். போஸோ இனம், பானி ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன்பிடிக் கூட்டம். அவருக்குப் பேத்தி பிறந்து பேர் வைக்கும் விருந்து. ஆடு அறுத்து, புகை போட்ட மீனையும் வெங்காயத்தையும் வதக்கிக் குழம்பு வைத்து, ஊரையே அழைத்திருந்தார். அம்பெரே கிந்தோவும் வந்தார். அவர் சந்தையில் வெங்காயக் கடை வைத்திருப்பவர். தோகோன் இனம். அவர் பாட்டனார் காலத்தில் பஞ்சம் பிழைக்க மலைப்பாறையிலிருந்து இறங்கி வந்த குடும்பம்.

போஸோவுக்கும் தோகோனுக்கும் கேலி உறவு. கண்ட இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டாமல் போனால்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். யார் என்ன சொன்னாலும் கோபம் வரக் கூடாது, கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் எங்கள் ஊரில் இது தெரியும். நான் மர்க்கா இனம், எனக்கு இவர்கள் இரண்டு பேரோடும் அந்த உறவு கிடையாது. என் தையல் கடை பள்ளிவாசலுக்கு எதிரே, லஸ்ஸீனா வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே தைத்து எத்தனையோ காஜா கோணலாகப் போயிருக்கிறது. எனக்கும் நாக்கு அரிக்கும். ஆனால் அதே வார்த்தையை நான் சொன்னால் அது நிஜத் திட்டாகிவிடும். அதனால் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது.

"என்னடா மீன்நாத்தம், பேத்தி பொறந்திருக்காமே? மனுசப் புள்ளையா இருக்குதா, இல்ல கெளுத்தி மாதிரி மீசையோட வந்திருக்குதா?" என்று வாசலில் நின்றே கத்தினார் அம்பெரே.

"வாடா என் அடிமை. அங்கயே நில்லு, உள்ள வராத. உன் வாடை பட்டா புள்ளைக்குக் கண்ணு எரியும்."

"பாத்தீங்களா இமாம், விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாசல்ல நிக்க வெக்கிறான். இவன் பாட்டனும் இப்படித்தான். காலையில தொழுவான், பொழுது சாஞ்சா தண்ணிப் பேய்க்கு மீன் படைப்பான்."

"எங்க பாட்டன் தொழுதானாவது தொழுதான். அப்போ உன் பாட்டன் பாறை மேல உக்காந்து நரி காலடியப் பாத்துக் குறி கேட்டுக்கிட்டுல்ல இருந்தான்!"

"நரி பதில் சொல்லிச்சுடா. உங்க பேய் தின்னுட்டு ஒரு ஏப்பம்கூட விடல."

இமாம் ஹம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் அம்பெரே அடுத்ததைச் சொன்னார்.

"போன மழையில வடக்கு மினாரா பூச்சு ஏன் பொத்துனு விழுந்துச்சு தெரியுமா? போஸோ கை பட்ட மண்ணுல்ல அது. தண்ணியப் பாத்ததும் மீன் மாதிரி துள்ளி ஆத்துக்கே போயிருச்சு!"

நாங்கள் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தபோது லஸ்ஸீனா எழுந்தார். தட்டைக் கீழே வைத்தார். முகம் கல்லாக இருந்தது.

"என் வீட்ட விட்டு வெளிய போ," என்றார்.

இதுவும் கேலி என்று நினைத்து இன்னும் சிலர் சிரித்தார்கள். அம்பெரேயே சிரித்தார். லஸ்ஸீனா மறுபடி, இன்னும் மெதுவாக, "வெளிய போ அம்பெரே," என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார் பாருங்கள், அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் பிறந்ததிலிருந்து அவர் அம்பெரேயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அம்பெரே செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார். என் வாயில் இருந்த சோற்றை விழுங்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

வேறு காலத்தில் இந்தச் சண்டை நடந்திருந்தால் ஊர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அது பள்ளிவாசல் பூசும் காலம். எங்கள் பள்ளி, மினாரா கோபுரம் முதற்கொண்டு, முழுக்க மண். சுவரிலிருந்து முள்ளம்பன்றி மாதிரி பனங்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றைப் பிடித்துத்தான் கொத்தனார்கள் ஏறுவார்கள். வெயில் காலக் கடைசியில், முதல் மழைக்கு முன்னால், ஊர் முழுக்கக் கூடி ஒரே நாளில் மேல்பூச்சு பூசிவிடுவோம். பூசாமல் ஒரு மழைக்காலம் விட்டால் சுவர் கரையத் தொடங்கும். இரண்டு மழை தாங்குமா என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை.

அந்தப் பூச்சில் முதல் கைம்மண் நியெந்தாவோ வீட்டுக்கு உரியது. அதற்கு ஒரு கதை உண்டு. வடக்கேயிருந்து உப்புப் பாளங்களோடு வந்த, மார்க்கம் ஓதிய ஒரு மனிதரை இவர்கள் முப்பாட்டன் ஒருவன் படகில் ஏற்றிக்கொண்டு வந்தானாம். படகு மணல்மேட்டில் தட்டி நின்றுவிட்டது. தொழுகை நேரம் வந்தது. அந்த மனிதர் மணலில் இறங்கித் தொழ நின்றார். அவர் தனியாக நிற்பது படகுக்காரனுக்கு என்னவோ போலிருந்ததாம், பாவம் என்று பின்னால் போய் நின்று, அவர் குனிந்தால் குனிந்து, நிமிர்ந்தால் நிமிர்ந்தான். ஒரு வார்த்தை விளங்கவில்லை. இந்த ஊரின் முதல் ஜமாஅத், முதல் கூட்டுத் தொழுகை, அதுதான். ஓதியவர் ஒருவர், துணைக்கு நின்றவர் ஒருவர். பிறகு அந்த மேட்டருகே நாணல் தட்டி கட்டித் தொழுதார்கள், ஆறு கொண்டுபோயிற்று. கரைமேல் மண்ணால் கட்டினார்கள், முதல் மண்ணைப் படகுக்காரன் வைத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டு மூத்தவர் முதல் கை வைக்காமல் வேறு எந்தக் கொத்தனாரும் சுவரைத் தொட மாட்டார்.

அந்த மூத்தவர்தான் விருந்துக்கு மறுநாள் தன் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எனக்கு முழங்கால் வலி. இந்த வருசம் நான் வரல," என்றார்.

முழங்கால் வலியாம். அந்தக் கால்தான் காலையில் ஓடிப்போய் ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தது.

அவர் தம்பி பாமோய் நல்ல கொத்தனார். ஆனால் அண்ணன் உயிரோடு பாயில் உட்கார்ந்திருக்கையில் தம்பி எப்படிக் கை வைப்பான்? "அண்ணே, நீங்க வந்து சும்மா தொட்டுட்டாவது போங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்," என்று கெஞ்சினான். லஸ்ஸீனா, "தொட்டா விழுந்துரும்டா, நாந்தான் போஸோவாச்சே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆற்றங்கரைக் குழியில் மண் ஊறிக்கொண்டிருந்தது. ஆற்றுச் சேறு, நெல் உமி, தவிடு, கொஞ்சம் வெண்ணெய் மரத்துக் கொட்டை எண்ணெய் எல்லாம் போட்டுத் தண்ணீர் விட்டு, பிள்ளைகளை விட்டு மிதிக்கச் சொல்லி, அழுக விடுவோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற அளவு நாறினால்தான் பதம். அப்படி நாறின மண்ணில் மழை வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அந்த வருடம் குழி பிரமாதமாக நாறியது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே அளவைக் கத்திச் சொல்லிவிட்டு ஓடினார்கள். மேற்கே சாயங்காலங்களில் மேகம் கறுத்து எட்டிப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டது.

லஸ்ஸீனாவின் வீட்டில் இன்னொரு கொடுமை நடந்துகொண்டிருந்தது. அவர் வீட்டுக்குள் வெங்காயம் வரக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். அவர் மனைவி ஜெனெபூவின் மீன்குழம்பு ஊரில் பேர் போனது, எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும். அந்த வாரம் வந்த கிண்ணத்தைப் பார்த்து என் வீட்டுக்காரி, "இது குழம்பா, மீன் குளிச்ச தண்ணியா?" என்று கேட்டாள்.

ஜெனெபூ கிண்ணத்தைத் திரும்ப வாங்க வந்தபோது என் கடை வாசலில் நின்று பொருமினாள்.

"நீங்களே சொல்லுங்க தையக்காரரே. வெங்காயம் என்ன பண்ணுச்சு? அது யாரைத் திட்டுச்சு? நேத்து ராத்திரி சோத்துல கைய வெச்சுட்டு, 'என்னடி ருசியே இல்ல'ங்கறாரு. நான் என்னத்தச் சொல்ல? உங்க கோவத்தைப் போட்டு வதக்கிருக்கேன், சாப்பிடுங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாப்பிட்டாரு. பசி இருக்குல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவள் கண் பள்ளிவாசல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பூச்சு நாளில் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் முன்னணி. அவள் குடம்தான் முதலில் போகும், பின்னால் குலவை போட்டுக்கொண்டு ஊர்ப் பெண்கள் போவார்கள்.

முதலில் இமாம் போனார். லஸ்ஸீனா அவரை மரியாதையாக உட்கார வைத்தார், தேநீரை வழக்கப்படி மூன்று சுற்றும் நுரைக்க ஆற்றிக் கொடுத்தார், முழங்காலைக் காட்டினார். இமாம் அதில் ஓதி ஊதிவிட்டு எழுந்து வந்தார்.

பிறகு பெரியவர்கள் கூடி அம்பெரேயிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லைதான், ஆனால் கடையில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அம்பெரே வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாக இருந்தது. அவர் மனைவி யாசிகி, "நாலு வாய் சாப்பிட வெக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. தினமும் மீன் வாங்கிட்டு வந்து வெக்கச் சொல்றாரு, வெச்சா பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு," என்றாள்.

"அம்பெரே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுப்பா. பள்ளிக்காக," என்றார் இமாம்.

அம்பெரே அதிர்ந்து நிமிர்ந்தார்.

"மன்னிப்பா? இமாம், நீங்களா இதைச் சொல்றீங்க? மன்னிப்புக் கேட்டா நான் அவனை நெசமா திட்டுனதா ஆயிடாதா? தோகோன் போஸோவ எப்படித் திட்ட முடியும்? அப்படி ஒரு நாள் ஒரு தோகோன் மன்னிப்புக் கேட்டான்னா, அதுக்கப்புறம் எங்க ரெண்டு சனத்துக்கும் நடுவுல என்ன இருக்கு? நாளைக்கு என் பையன் அவன் பையனைக் கேலி பண்ணா பஞ்சாயத்துக்குல்ல போவாங்க!"

"அப்ப கேக்க மாட்ட?"

"உசுரக் கேளுங்க, தரேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எங்கள் தலைவலி. கேட்டால் உறவு போச்சு, கேட்காவிட்டால் பள்ளி போச்சு. பெரியவர்கள் கலைந்தார்கள். கடைசியில் இமாம் ஒரு முடிவுக்கு வந்தார். வியாழக்கிழமை பூச்சு. லஸ்ஸீனா வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டால் மேலாற்று ஊர்க் கொத்தனார்கள் வந்து நிற்பார்கள், அவர்கள் தலைவர் முதல் கை வைப்பார். ஒரு தடவை இன்னொரு வீட்டுக் கை பட்டுவிட்டால் உரிமை அந்த வீட்டுக்குப் போய்விடும், திரும்பாது.

சேதி லஸ்ஸீனாவின் காதுக்குப் போயிற்று. அவர், "வரட்டும். அவங்க கை உறுதியான கை," என்று மட்டும் சொன்னாராம்.

புதன்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், ஜெனெபூ என் கடைக்கு வந்தாள். "தையக்காரரே, மெஷினை நிறுத்துங்க. என்கூட வாங்க, ஒரு ஆளைப் பாக்கணும். தனியாப் போனா ஊரு பேசும்," என்றாள். நேரே வெங்காயக் கடைக்குப் போனோம். அவளும் போஸோதானே, அம்பெரேயைத் திட்டுகிற உரிமை அவளுக்கும் முழுசாக உண்டு.

"எந்திரிடா வெங்காயம். அழுகிப் போயிட்டியா?"

அந்த ஒரு வார்த்தைக்கு அம்பெரேயின் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் வந்தது தெரியுமா? வாரக்கணக்கில் போஸோ வாயால் ஒரு திட்டு வாங்காத மனிதர். "வாடி மீன்காரி," என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெனெபூ ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன், கேளு. அவருக்குக் கோவம் உன் மேல இல்ல. போன வருசம் உமி வர லேட்டாச்சு. மேகம் வந்துருச்சுன்னு பயந்து மண்ணைச் சீக்கிரமே எடுத்துட்டாரு. நான் குழியாண்ட போய் மோந்து பாத்தேன். இன்னும் நாறல, ரெண்டு மூணு நாள் விடுங்கன்னேன். 'என்கிட்டயே மண்ணைப் பத்திப் பேசறியா'ன்னு எகிறுனாரு. அப்புறம் மழையில வடக்கு மினாரா பூச்சு விழுந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் முகத்தையே பாக்கல. அன்னிலேர்ந்து மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. ஊர்ல யாரும் ஒண்ணும் கேக்கல. நீதான் விருந்துல வெச்சு..."

அம்பெரே தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ. எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேனே. கேலின்னா முழுப் பொய்யா இருக்கணும். அதான் வலிக்காது."

"சரி, நடந்தது நடந்துருச்சு. இப்ப நான் உன்னைக் கேக்கறேன். போஸோ கேட்டா தோகோன் மாட்டேன்னு சொல்லக் கூடாது, தெரியும்ல?"

"கேளு. கடையைக் கேளு, குடுக்கறேன்."

"உன் கடை யாருக்கு வேணும். நாளைக்கு விடியக்காலை மண்ணுக் குழியில இறங்கி உக்காரு. லஸ்ஸீனா வந்து தூக்குனாத்தான் எந்திரிப்பேன்னு சொல்லு."

அம்பெரே வாயைப் பிளந்தார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கேலி உறவுக்காரர்கள் வழியை மறித்துப் படுப்பதுண்டு. சாவு விழுந்தால் அடக்கக் குழிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொண்டு, கேட்டது கிடைத்தால்தான் மையித்தை இறக்க விடுவேன் என்று அடம் பிடிப்பதுகூட உண்டு. அவர்களை அந்த உறவுக்காரன்தான் கிளப்ப வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் பள்ளிவாசல் மண்குழியில் யாரும் இறங்கி உட்கார்ந்ததில்லை.

"அடியே, நான் மலைக்காரன். எனக்கு நீச்சல் தெரியாது!"

"அது சேறுடா. நின்னா தொடை வரைக்கும்தான் வரும்."

"நாறுமேடி!"

"உனக்கா?" என்றாள் ஜெனெபூ.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்பெரே என்னை முறைத்தார். "நீ சிரிக்காத தையக்காரா, உனக்கு அந்த உரிமை இல்ல," என்றார். உண்மைதான். திரும்பி நின்று சிரித்தேன்.

வியாழக்கிழமை விடியலில் சுபுஹு தொழுகை முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. மேலாற்றுக் கொத்தனார்கள் வந்து சுவர் ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் சங்கடம்தான், யாரும் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்கள் குடங்களோடு நின்றார்கள், குலவை இல்லை. பறைக்காரர்கள் பறையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பூச்சு நாள் மாதிரியே இல்லை, எழவு வீடு மாதிரி இருந்தது.

அப்போது குழிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கொம்பாகா சனங்களே! ஒரு தோகோன் செத்துக்கிட்டிருக்கான்! ஒரு போஸோ உள்ள தள்ளிட்டான்!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். அம்பெரே குழியில் சேற்றுக்குள் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்கு மேல் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வழுக்கைத் தலை விடியல் வெளிச்சத்தில் மின்னியது. பாமோய் கை நீட்டினான். "நீ தள்ளிப் போ. உங்க அண்ணன் வரணும். அவன் வர்ற வரைக்கும் ஒரு கூடை மண்ணு யாரும் அள்ளக் கூடாது. என்னையும் சேத்து வேணா சுவத்துல அப்பிக்கங்க," என்றார் அம்பெரே.

பிள்ளைகள் லஸ்ஸீனா வீட்டுக்கு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். லஸ்ஸீனா பாயில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் குளித்து, வேலைக்குப் போடுகிற பழைய சட்டையைப் போட்டிருந்தார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது போல. ஜெனெபூ எதிரே நின்று, "உங்க அடிமை குழியில கெடக்கான். வெயில் ஏறுனா காஞ்சு கட்டியாயிடுவான். அப்புறம் அவன் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்," என்றாள்.

"யாரு இறங்கச் சொன்னா அவனை?"

"நான்தான்."

லஸ்ஸீனா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. அவர் எழுந்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குழியைச் சுற்றி ஊரே நின்றது. லஸ்ஸீனா விளிம்பில் வந்து நின்று கீழே பார்த்தார். அம்பெரே மேலே பார்த்தார்.

"என்னடா பாக்கற, தூக்கு. நண்டு கால்ல ஏறுது."

லஸ்ஸீனா கை நீட்டவில்லை. விளிம்பில் குந்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் மோந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "பதமா இருக்கு," என்றார். பிறகு அம்பெரேயிடம் சொன்னார், எல்லோர் காதிலும் விழும்படி:

"போன வருசம் பதம் வரல. நான் அவசரப்பட்டுட்டேன். இவ சொன்னா, நான் கேக்கல. நீ அன்னிக்குச் சொன்னது நெசம். என் கையிலதான் கோளாறு."

ஒரு கொத்தனார் ஊர் முன்னால் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அம்பெரே சேற்றுக்குள்ளிருந்து துள்ளி எழுந்தே விட்டார்.

"நெசமா? யாருடா சொன்னது நெசம்னு? இந்தப் பழியை என் தலையில போடாத! போஸோவப் பத்தி என் ஆயுசுல நான் ஒரு உண்மை சொன்னதில்ல. என் அப்பன் சொன்னதில்ல, என் பாட்டன் சொன்னதில்ல. இப்ப சாகற வயசுல நான் ஆரம்பிக்கவா?"

"அப்ப பூச்சு ஏன் விழுந்துச்சு?"

"மழை பெஞ்சுது, விழுந்துச்சு. மண்ணுன்னா விழத்தான் செய்யும். விழாதுன்னா வருசா வருசம் எதுக்குடா உன்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பூசச் சொல்றோம்?"

லஸ்ஸீனாவின் முகத்தில் அந்தக் கல் மெல்ல இளகியது. பிறகு கையில் வைத்திருந்த பிடி மண்ணை அப்படியே அம்பெரேயின் வழுக்கைத் தலையில் அப்பி, உள்ளங்கையால் ஒரு சுற்றுச் சுற்றி வழித்து, ஓரத்தை விரலால் நேர்த்தியாக நீவிவிட்டார்.

"மேல ஏறி வாடா என் அடிமை," என்றார்.

ஊர் வெடித்துச் சிரித்தது. பறை முழங்கியது. அவர் கை கொடுத்துத் தூக்க, அம்பெரே சொட்டச் சொட்ட மேலே வந்தார். அப்போதுதான் பாமோய்க்குத் திடீரென்று உறைத்தது. "இமாம், முதல் கை வெச்சாச்சே! அதுவும் தோகோன் தலை மேல. இது கணக்குல வருமா?"

இமாம் தாடியைத் தடவினார். மார்க்கக் கிதாபுகளில் இதற்கு விடை இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. லஸ்ஸீனா அவரைக் காக்க வைக்கவில்லை. அம்பெரேயின் தலையிலிருந்த மண்ணை அப்படியே வழித்துக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். முதல் கையைத் தொழும் திசையிலுள்ள கிப்லா சுவரில் வைப்பதுதான் வழக்கம். அவர் அதைத் தாண்டி வடக்கு மினாராவுக்குப் போனார். ஒரு கையில் மண், இன்னொரு கையால் பனங்கட்டைகளைப் பிடித்து, போன மழையில் பூச்சு பெயர்ந்த இடம் வரை ஏறினார். பிஸ்மில்லாஹ் சொல்லி அந்த இடத்திலேயே மண்ணை வைத்து அழுத்தினார்.

கீழேயிருந்து அம்பெரே கத்தினார். "டேய் மீன்நாத்தம்! அது என் தலை மண்ணு. பத்திரமா பூசு!"

"உன் தலையில இருந்து வந்ததுதான. ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும், இன்னொரு கை சேத்துக் குடுங்கடா!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

மேலாற்றுக் கொத்தனார்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மண் சுமக்க ஓடினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஜெனெபூ மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கேலி கேட்டு ஒரு பெண் சந்தோஷத்தில் அழுததை அன்றுதான் நான் பார்த்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தைத் தலையில் ஏற்றி, முதல் ஆளாக ஆற்றை நோக்கி நடந்தாள்.